தணிந்த குரல்

சோகப் பாட்டென்றால் குரல் உடைய வேண்டும், வயலின்கள் எழும்ப வேண்டும், கேட்பவன் கண் கலங்க வேண்டும் என்பது பழகிப்போன ரசனை. இவையெல்லாம் துக்கத்தின் அறிவிப்புகள். துக்கம் அறிவிப்பில்லாமலும் ஒரு பாட்டில் இருக்க முடியும் என்பதற்கு, 1978ல் லண்டனில் வெளிவந்த தாமஸ் லியரின் 'ப்ரைவேட் ப்ளேன்' என்ற சிறு இசைத்தட்டு ஒரு சாட்சி.

லியர் ஸ்காட்லாந்தில் கப்பல் கட்டும் ஊரான போர்ட் கிளாஸ்கோவைச் சேர்ந்தவர். ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போகாமல், மலிவான சில மின்கருவிகளையும் நான்கு தட ஒலிநாடாக் கருவியையும் வைத்துக்கொண்டு லண்டனில் தாம் குடியிருந்த இடத்திலேயே பாட்டைப் பதிவு செய்தார். சில நூறு பிரதிகள், வெளியீடும் அவருடையதே. பாடும்போது பக்கத்தில் காதலி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிவிடக் கூடாதென்று குரலைத் தணித்துக்கொண்டார்.

இதைச் சுவையான துணுக்காகப் படித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. பாட்டின் உருவமே இதிலிருந்து பிறக்கிறது. தாள இயந்திரம் மாறாமல் தட்டிக்கொண்டு போகிறது. குரல் அதை மீறி எழ முயல்வதில்லை. அதற்குள் பதுங்கியே நடக்கிறது. தலைப்பு சொல்வது தனி விமானத்தை. குரலோ நான்கு சுவர்களுக்குள் இன்னொருவரின் தூக்கத்தைக் காவல் காக்கிறது. ஆள் பக்கத்திலிருந்தும் தீராத தனிமை, சொல்லின் உதவியின்றித் தொனியிலேயே வந்துவிடுகிறது.

வறுமை தானாகவே கலையாகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. நெருக்கடியை மறைத்து, கூடத்தில் பதிவு செய்ததைப் போல ஒலிக்க முயன்றிருந்தால் மிஞ்சியிருப்பது மட்டமான நகல்தான். லியர் நெருக்கடிக்கு இணங்கினார். மறு ஆண்டு, அதே ஊர்க்காரரான நண்பர் ராபர்ட் ரென்டலோடு சேர்ந்து, ரென்டலின் வீட்டில் 'த பிரிட்ஜ்' என்ற தொகுப்பைச் செய்தபோது இந்த இணக்கம் பிரக்ஞைபூர்வமாகிவிட்டது. ரெஃப்ரிஜிரேட்டர் முதலான வீட்டுச் சாமான்கள் எழுப்பிய ஓசைகளும் இசையின் பகுதியே என்று உறையிலேயே அச்சிட்டார்கள். வீடு அங்கே ஒரு வாத்தியம்.

இன்று கணினி வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் ஒலிப்பதிவாளன். தடங்களுக்குக் கணக்கில்லை. நான்கு தட நாடாவில் இடம் தீர்ந்தால், இருப்பவற்றைக் கலந்து ஒரே தடத்துக்கு மாற்ற வேண்டும். கலந்ததைப் பிரிக்க வழியில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சல் கூடும். எந்த ஒலி வேண்டும் என்பதை அங்கேயே, அப்போதே தீர்மானித்தாக வேண்டும். இன்று அந்தத் தீர்மானத்தைக் கடைசிவரை ஒத்திப்போடலாம். நாடாவின் இரைச்சல்கூட மென்பொருளாக விலைக்குக் கிடைக்கிறது. பத்தடி அறையில் பாடியவனின் குரல் எதிரொலி ஏற்றப்பட்டு மாதா கோயிலில் ஒலிப்பதாகிவிடுகிறது. இருட்டும் ஏக்கமும் அளவாகச் சேர்ந்துவிட்டன. அறை காணாமல் போய்விட்டது. வயலின்களுக்குப் பதில் சிந்தசைஸர் வந்து பழைய அறிவிப்பையே செய்கிறது.

குற்றம் கருவிமேல் இல்லை. கணினியிலும் தணிந்து பாடலாம். ஆனால் அதற்குமுன், பாடுகிறவன் தன் அறையில் யார் தூங்குகிறார்கள், சுவருக்கு அப்பால் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இப்போது வரும் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் காது இல்லை.