இரவல் வெளிச்சம்

கம்ப்யூட்டர் திரையில் சித்திரம் எழுதுகிறவர்கள் இன்று ஏராளமாக இருக்கிறார்கள். நாவல்களுக்கான அட்டைப் படங்கள் பல இப்போது அப்படித்தான் தயாராகின்றன. கருவி புதிது என்பதற்காக அதைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூரிகையும் ஒரு காலத்தில் புதுக் கருவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இந்தப் படங்களில் பலவற்றைப் பார்க்கும்போது ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணை உறுத்துகிறது. எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன, வெளிச்சத்தைத்தான் காணோம்.

இது முரணாகத் தோன்றலாம். சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

போட்டோஷாப், கிருதா போன்ற சித்திர மென்பொருள்களில் படம் முடிந்த பிறகு அதன் ஒளியைத் திருத்துவதற்கு வசதிகள் உண்டு. எக்ஸ்போஷர் என்பது அவற்றில் ஒன்று. புகைப்படக்காரர்களிடமிருந்து வந்த சொல் அது. ஒரு படி ஏற்றினால் படம் முழுவதிலும் வெளிச்சம் இரண்டு மடங்காகும். கான்ட்ராஸ்ட் என்பது மற்றொன்று. அது நடுத்தரச் சாயலிலிருந்து இரண்டு பக்கமும் இழுக்கும். வெளுத்தது இன்னும் வெளுக்கும். இருண்டது இன்னும் இருளும்.

இவற்றுக்கு ஓர் எல்லை இருக்கிறது. சாதாரணமான ஒரு படக் கோப்பில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தாம். எக்ஸ்போஷரை அளவுக்கு மீறி ஏற்றினால் 240, 245, 250 என்று தனித்தனியே இருந்தவை எல்லாம் 255-இல் போய் முட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். அப்படியே பதிவு செய்து மூடிவிட்டால், மறுநாள் எவ்வளவு குறைத்தாலும் பழைய வித்தியாசம் திரும்பி வராது. கன்னத்தின் வளைவு இருந்த இடத்தில் தட்டையான ஒரு திட்டுத்தான் மிஞ்சும். கான்ட்ராஸ்டும் இப்படித்தான். மாலை வானத்தின் மெல்லிய சாயல்களை ரொம்பவும் இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, வானம் பட்டை பட்டையாகத் தெரியும். இருக்கிற சாயலை நீட்டலாம், சுருக்கலாம். ஓவியன் வைக்காததை அதனிடம் எதிர்பார்ப்பது வீண்.

ஓவியன் வைப்பது என்றால் என்ன? ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டி முடித்த ஒரு பெரிய படம் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. நகரக் காவற்படை ஒன்று புறப்படும் காட்சி. மேலே பூசிய வார்னிஷும் அழுக்கும் காலப் போக்கில் கறுத்துப் போயின. பார்த்தவர்கள் அதை இரவுக் காட்சி என்றே எண்ணி 'இரவுக் காவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1940-களில், யுத்தம் ஓய்ந்த பிறகு, பழைய வார்னிஷை நீக்கிச் சுத்தம் செய்தார்கள். பகல் வெளிச்சம் வெளிப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. காலம் அந்தப் படத்தின் எக்ஸ்போஷரைக் குறைத்து வைத்திருந்தது என்று இன்றைய பாஷையில் சொல்லலாம்.

அப்படி இருண்டு கிடந்த நாட்களிலும் அந்தப் படம் சாகவில்லை. படைத் தலைவர் கறுப்பு உடையில் நடுவே வருகிறார். பக்கத்தில் வெளிர் மஞ்சள் உடையில் துணைத் தலைவர். தலைவர் ஏதோ உத்தரவிட்டபடி கையை நீட்டுகிறார். அந்தக் கையின் நிழல் துணைவரின் மஞ்சள் அங்கியின் மேல் விழுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இருவரும் எவ்வளவு நெருக்கமாக நடக்கிறார்கள், யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு நிழலில் இருக்கின்றன. இன்று எவரும் அந்தப் படத்தின் பிரதியைத் திரையில் வைத்து அந்த நிழலை அழுத்தமாக்கலாம், லேசாக்கலாம். ஆனால் அங்கே ஒரு நிழல் விழ வேண்டும் என்று ரெம்பிராண்டுக்குத்தான் தோன்றிற்று.

கதை படிக்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. கதாநாயகன் தும்பைப் பூ, வில்லன் அட்டைக் கரி என்று எழுதுகிற தொடர்கதைகள் எத்தனை! தம் மனிதர்களைப் பற்றி ஆசிரியருக்கே ஒரு தீர்மானம் ஏற்படவில்லை. கடைசி அத்தியாயத்தில் இடி, மழை, மரணம் என்று கான்ட்ராஸ்டை ஏற்றிச் சமாளிக்கப் பார்க்கிறார். வாசகர் கண்கள் கூசுகின்றன. மனசில் எதுவும் நிற்பதில்லை.

கருவியின் மேல் குற்றமில்லை என்றே சொல்வேன். போட்டோஷாப்பின் பூர்வகதையைப் பாருங்கள். 1987-இல் தாமஸ் நோல் என்ற அமெரிக்க மாணவர் தம் மக்கின்டோஷ் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினார். அதன் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு தெரியாது. அந்தத் திரையில் சாம்பல் சாயல்களைக் காட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவரும் அவர் சகோதரர் ஜானும் சேர்ந்து வளர்த்த அந்தப் புரோகிராம்தான் 1990-இல் போட்டோஷாப்பாக வெளிவந்தது. சாம்பலைக் காட்டப் பிறந்த கருவியைக் கொண்டே இப்போது சாம்பலைத் துரத்துகிறார்கள்.

நல்ல ஓவியர்கள் இதே கருவியை வேறு விதமாகக் கையாளுகிறார்கள். படம் பாதியில் இருக்கும்போதே வர்ணத்தை நீக்கிச் சாம்பலில் பார்த்து, ஒளியும் நிழலும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று சோதிக்கிறார்கள். மூலப் படத்தைத் தொடாமல் மேலே தனி அடுக்கு ஒன்று வைத்துத் திருத்துகிறார்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். 'கர்வ்ஸ்' என்ற வளைகோட்டைப் பிடித்து, இருண்ட பகுதியை மட்டும் சிறிது தூக்குகிறார்கள். முகத்துக்கு வேண்டியது சுவருக்கு வேண்டாம் என்றால் சுவரை மறைத்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்ற தீர்மானம் இருக்கிறது. அது இருக்கிறவர் கையில் எக்ஸ்போஷரும் நல்ல வேலைக்காரன்தான்.

அடுத்த முறை பளபளப்பான ஓர் அட்டைப் படம் கையில் கிடைத்தால், பிரகாசத்தைப் பார்த்து மயங்காமல் நிழல் எங்கே விழுகிறது என்று தேடிப் பாருங்கள். அகப்பட்டால் அந்த ஓவியரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.