கயிற்றால் பிணைத்த இரட்டைத் தோணிகள்

நெடுங்கடற் பிரயாணத்துக்கென்று கட்டப்படும் இரட்டைத் தோணிகளைப் பற்றிப் பேசுவோர், அவற்றின் வேகத்தையும் சாயாத தன்மையையும் வாயாரப் புகழ்ந்துவிட்டு, அவ்விரண்டு குணங்களுக்கும் ஆதாரமான லகுத்தன்மையை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒல்லியான உடல்கள் நீரைப் பிளந்து செல்கையில் பெரிய அலை எழும்புவதில்லை; ஆகவே வேகம். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதால், அடியில் ஈயக் கனம் தொங்காமலே கலம் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அதன்மேல் விசாலமான கூடமும் குளிர்பெட்டியும் நாலைந்து படுக்கையறைகளும் ஏறிவிட்டால், உடல்கள் ஆழ அமிழ்ந்து, இணைப்புத் தளம் நீர்மட்டத்தை நெருங்கி, அதன் அடிப்புறத்தில் அலைகள் ஓயாமல் அறையத் தொடங்குகின்றன. இன்று தொழிற்சாலைகளில் வார்த்து வாடகைக்கு விடப்படும் கலங்களில் பல இந்தத் தோஷத்துக்கு உட்பட்டவை என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கு நேர்மாறான மார்க்கத்தில் சென்றவர் ஜேம்ஸ் வார்ரம் (1928–2021) என்ற ஆங்கிலேயர். பாலினீசியர் தம் தோணிகளில் பசிபிக் சமுத்திரத்தைத் திட்டமிட்டுக் கடந்திருக்க முடியாது என்று பண்டிதர் சிலர் சாதித்துவந்த காலத்தில், அவர் 23½ அடி நீளமுள்ள 'தங்காரோவா' என்ற இரட்டைத் தோணியைத் தாமே நிர்மாணித்து, இரண்டு ஜெர்மானியப் பெண்களுடன் அட்லாண்டிக்கைத் தாண்டி டிரினிடாடை அடைந்தார். அங்கே கட்டிய 40 அடி 'ரோங்கோ'வில் 1959-இல் வட அட்லாண்டிக்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தார். பிறகு, சாமானியரும் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொள்ளத்தக்க வரைபடங்களைத் தயாரித்து விற்பதே அவருடைய ஜீவனோபாயமாயிற்று.

அவருடைய முறையில் ஊன்றிப் பார்க்க வேண்டியது பிணைப்பு. ஓர் உடல் அலையின் முகட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது, இரண்டையும் சேர்க்கும் குறுக்குவிட்டங்கள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகின்றன. விட்டத்தை அசையாதபடி இறுக்குபவன் அந்த முறுக்கு முழுவதையும் மூட்டுகளில் தாங்கவேண்டியிருப்பதால், மேலும் கனத்தைச் சேர்க்கிறான். வார்ரமோ 'டீக்கி', 'பாஹி' என்ற தம் தோணி வகைகளில் விட்டங்களைக் கயிற்றால் கட்டி, சிறிது அசைய விட்டுவிட்டார். (துறைமுகம் தோன்றுவதற்கு முந்திய சென்னையில், கரையலையின் அடியைத் தாங்குவதற்கென்று ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் ஓடியதும் இதே நியாயத்தால்தான்.) ஒவ்வோர் உடலையும் தனித்தனியே சிறிய கொட்டகையில் கட்டலாம், பிரித்து வண்டியில் ஏற்றலாம். இவற்றினும் மேலானதொரு நன்மையும் உண்டு: திருகாணியின் உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, தேய்ந்த கயிறோ வெளியே நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும், அதை மாற்றுவதற்குப் பட்டறையும் வேண்டியதில்லை.

இந்த நெகிழ்ச்சிக்கு விலை இல்லாமல் இல்லை. சட்டகம் அசையுமானால் பாய்மரத்தின் முன்கயிறு விறைப்பாக நிற்பதில்லை. அது தளர்ந்தால் முன்பாய் உப்பி, எதிர்காற்றுக்கு நெருங்கி ஓடும் திறன் குன்றுகிறது. பக்கவாட்டில் ஒதுங்காமலிருக்க ஏற்றியிறக்கும் பலகைகளை வைக்காமல், உடலின் கூரிய ஆப்பு வடிவத்தையே அவர் பெரும்பாலும் நம்பியதும் இக்குறையை வளர்க்கிறது. நடுவே மூடிய கூடம் அமைக்க இடமில்லாமையால், மழைக்காலத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஒடுங்கிய உடல்களுக்குள் புகவேண்டும். சிக்கனத்தினால் விளைந்த இந்த அசௌகரியங்களை அவர் ஒரு வாழ்க்கைத் தத்துவமாகவே உயர்த்திப் பேசியது எனக்கு உவப்பில்லை. இத்தோணிகள் கட்டப்படும் ஒட்டுப்பலகையின் ஓரங்களை எபாக்ஸிப் பிசினால் சரியாக அடைக்காத புதியவனுடைய தோணி உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். அதற்குத் தத்துவம் துணைவராது.

எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது அளவு. வடிவம் மாறாமல் அளவு மட்டும் பெருகும்போது, காற்று கவிழ்க்கும் திருப்புவிசை நீளத்தின் மூன்றாம் அடுக்காகவும், கலம் எதிர்த்து நிற்கும் திருப்புவிசை நான்காம் அடுக்காகவும் ஏறுகின்றன. எனவே 21 அடித் தோணிக்கு, அதே வடிவத்து 42 அடித் தோணியின் பாதுகாப்பில் பாதிதான் உண்டு. கனத்த அடிப்பாரமுள்ள ஒற்றையுடற் கலம் சாய்ந்து சாய்ந்து எச்சரிக்கும். இரட்டைத் தோணியோ கடைசிவரை நிமிர்ந்திருந்துவிட்டு ஒருமுறை புரண்டால் தலைகீழாகவே மிதக்கும். ஆகையால் கலம் சாய்வதைப் பார்த்தல்ல, காற்றின் வேகத்தைப் பார்த்தே பாயைச் சுருக்கவேண்டும். வார்ரம் தாழ்ந்த பாய்களை விதித்தது இந்த அபாயத்தை உணர்ந்துதான். ரோரி மக்டூகல் என்ற இளைஞர் தாமே கட்டிய 21 அடி 'டீக்கி'யில் 1991 முதல் 1997 வரை உலகைச் சுற்றி வந்ததைச் சிறு தோணியின் தகுதிக்கு அத்தாட்சியாகக் காட்டுவோர் உண்டு. மாலுமியின் சாமர்த்தியத்துக்கு அது அத்தாட்சி என்பதில் ஐயமில்லை. அந்த அளவையே குடும்பத்தோடு சமுத்திரம் கடப்பதற்குப் போதுமென்று சிபாரிசு செய்ய நான் துணியமாட்டேன்.