மார்க் ருவெயினின் வீம்புரைகள் – ஒரு நோக்கு

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயினை (1835–1910) நகைச்சுவையாளர் எனப் பாராட்டி அமைவது பெருவழக்கு. அந்நகைச்சுவையின் கணிசமான பகுதி ஆண்மக்களின் தற்புகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டது. புறத்திணை கூறும் நெடுமொழியும் தற்புகழ்ச்சியே. ஆயின் அதன் பின்னே போர் உண்டு. ருவெயினின் பாத்திரங்கள் பேசும் வீம்புரையோ கைம்முதல் இல்லாதவன் எழுதிக் கொடுத்த கடன்சீட்டை ஒத்தது. மாற்றித் தருமாறு எவரும் கேளாதவரை அது செல்லும்.

'மிசிசிப்பியில் வாழ்க்கை' (1883) என்னும் நூலில் வரும் தெப்பக்காரர் பகுதி இதற்குத் தக்க சான்று. இரவில் நீந்திச் சென்று பெருந்தெப்பமொன்றில் மறைந்திருக்கும் சிறுவன் ஹக், இரு முரடர்களின் வாய்ச்சண்டையைக் கேட்கிறான். ஒருவன் தான் சூறாவளிக்குப் பிறந்தவன் என்கிறான். முதலைகளும் ஒரு பீப்பா விஸ்கியும் தன் காலையுணவு என்கிறான். மற்றவன் சூரியனைக் கையால் மறைத்து இரவாக்குகிறான், சந்திரனைக் கடிக்கிறான். சொல் வளர வளர அடி பின்போடப்படுகிறது. ஈற்றில், சிறிய உருவினன் ஒருவன் எழுந்து இருவரையும் நையப் புடைக்கிறான். 'ஹக்கிள்பெரி பின்' நாவலின் கைப்பிரதிக்கு உரிய இப்பகுதி, பதிப்பாளரின் விருப்பப்படி அந்நாவலிலிருந்து நீக்கப்பட்டது. இழப்பு நாவலுக்கே. ஹக்கும் பொய்யன்தான், ஆனால் அவன் பொய்கள் அடிமை ஜிம்மைக் காக்கின்றன. வீம்பர்களின் பொய்யோ அவர்களையே காக்கவில்லை. அருகருகே நிற்கவேண்டிய இவ்விரண்டும் பிரிக்கப்பட்டுவிட்டன.

அந்நாவலைத் தொடங்கிய அதே 1876இல், மதகுருவான நண்பர் ஒருவரை மகிழ்விக்க ருவெயின் எழுதியது '1601'. முதலாம் எலிசபெத் அரசியின் முன்னிலையில் எவரோ அபானவாயு விட, அரசி விசாரணை நடத்துகிறார். சேக்ஸ்பியர் உட்படப் பலரும் மறுக்கின்றனர். சேர் வோல்ற்றர் றலி மட்டும் ஒப்புக்கொள்கிறார். தம் ஆற்றலுக்கு இது இழுக்கென வருந்தி, உடனே மேலானதொரு சான்றும் காட்டுகிறார். ருவெயினின் வீம்பர்களுள் சொன்னதைச் செய்து காட்டியவர் இவரே! இதன்பின் தொடரும் பாலியற் பேச்சு விரைவிற் சலித்துவிடுகிறது. எனினும் மொழிநிலையில் இந்நூல் கருதத்தக்கது. ஆங்கிலேயர் ஜேம்ஸ்ரவுணில் குடியேறியது 1607இல். நூல் சுட்டும் ஆண்டு அதற்கு முற்பட்டது. அத்திலாந்திக்கின் இரு கரையிலும் நாகரிகச் சொற்கள் வேறுபட்டுப் போயின. கொச்சைச் சொற்களோ பெரும்பாலும் பொதுச்சொத்தாகவே நின்றுவிட்டன. அமெரிக்கர் ஒருவர் பழைய ஆங்கிலத்தில் தயக்கமின்றி உரிமை கொண்டாடுவது அவற்றின் வழியாகவே.

இவ்வேறுபாட்டை நேரடியாகப் பேசுவது 1882இல் வெளிவந்த 'அமெரிக்க மொழி பற்றி' என்னும் சிறு கட்டுரை. அமெரிக்கராயிருந்தும் நல்ல ஆங்கிலம் பேசுவதாக ஆங்கிலேயர் ஒருவர் பாராட்ட, தாம் பேசுவது ஆங்கிலமே அன்று என்கிறார் கதைசொல்லி. உச்சரிப்பு, சொற்பொருள் என வேறுபாடுகளை அடுக்கி, தம் தாய்மொழியைத் தூய்மையாகப் பேசினால் ஆங்கிலேயருக்கு ஒன்றுமே விளங்காது என்று முடிக்கிறார். இப்போதே விளங்குவது கடினமாகத்தான் இருக்கிறது என்பது மற்றவரின் அடக்கமான பதில். தெப்பத்துச் சிறு மனிதன் கையாற் செய்ததை இவர் ஒரு வாக்கியத்தாற் செய்துவிடுகிறார்.

ஆனால் 1893இல் வெளியான 'பத்து இலட்சம் பவுண் நோட்டு' கதையில் அந்த அடி விழவில்லை. இலண்டனில் கையில் காசின்றி அலையும் அமெரிக்கக் குமாஸ்தாவிடம், தமக்குள் பந்தயம் கட்டிய செல்வச் சகோதரர் இருவர் அந்நோட்டைக் கொடுக்கின்றனர். அதனை மாற்றிக்கொடுக்க எவராலும் இயலாது. ஆதலால் அனைவரும் கடன் கொடுக்கின்றனர். கழித்துப்போட்ட உடுப்பை அவனுக்குத் தள்ளிவிட முனைந்த கடைக்காரர், நோட்டைக் கண்டதும் குழைகிறார். இங்கே வீம்பு பேசுவது மனிதனன்று, தாள். முதலாளித்துவ சமூகத்தில் நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்டல் அரிது. ஆயினும் கதை காதலிலும் கலியாணத்திலும் சென்று முடிவது பலவீனமே. சொல்லின் வீம்பைத் தயங்காது உடைத்தவர், பணத்தின் வீம்புக்குப் பரிசளித்துவிட்டார்.

அவ்வேளை அவரே பேஜ் என்பவரின் அச்செழுத்துக் கோக்கும் பொறியில் பெரும் பணத்தை முடக்கி, இனி வரப்போகும் இலாபத்தை நம்பியிருந்தார். 1894இல் முறிவடைந்தார். கடனைத் தீர்க்க உலகைச் சுற்றி விரிவுரையாற்றினார். 1896இல் கொழும்புக்கும் வந்தார். 1898இல் கடன் முழுவதும் அடைக்கப்பட்டது.