வழக்கின் பெயர் தெரிந்தால் போதுமா?

அண்மைக் குற்றவியல் தீர்ப்புகள் பற்றிய வினாத்தொகுப்புகளைக் கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே அச்சுதான்: எந்த வழக்கு, எந்த ஆண்டு, நான்கு விடைகள். இது நினைவாற்றலைத்தான் சோதிக்கிறது. சட்டம் தெரியுமா என்பதை அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

கைதானவருக்குக் கைதின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22(1)ஆம் கூறு. வாயால் சொன்னால் போதுமா, எழுதித் தரணுமா? 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சால் வழக்கில், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டக் கைதுகளில் எழுதித் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2024 மே மாதம் பிரபீர் புர்கயஸ்தா வழக்கில் அது உபா கைதுகளுக்கும் நீண்டது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் தீர்ப்பு, காரணம் தெரிவிக்காத கைது செல்லாது என்றது. ஆனால் எல்லா வழக்கிலும் எழுத்து கட்டாயம் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது 2025 நவம்பரில் வந்த மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு: எந்தக் குற்றமானாலும், கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில். உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லலாம்; ஆனால் ரிமாண்டுக்கு மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்து கைக்கு வர வேண்டும்.

இப்போது “எழுத்தில் காரணம் தரச் சொன்ன வழக்கு எது?” என்று கேட்டு, “பங்கஜ் பன்சால்” என்று டிக் அடித்தால் மதிப்பெண் உண்டு. தப்பும் இல்லை. ஆனா அதோடு நின்றுவிட்டவர், திருட்டு வழக்குக்கு இது பொருந்தாதுன்னு நினைச்சுக்குவார்.

நான் இப்படிக் கேட்பேன்: 2026 ஜனவரியில் சென்னையில் ஒரு தொழிலாளி திருட்டு வழக்கில் கைதாகிறார். இந்தி மட்டும்தான் தெரியும். காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரிமாண்ட் செல்லுமா? செல்லாது, விடுவிக்கக் கோரலாம். அத்துடன் வழக்கு முடிந்துவிடாது. முறைப்படி காரணத்தைக் கொடுத்துவிட்டு போலீஸ் மறுபடி காவல் கேட்கலாம். கைதான தேதியும் முக்கியம். இனி நடக்கும் கைதுகளுக்கே இந்த நடைமுறை என்று அத்தீர்ப்பே சொல்கிறது.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை திருத்துவது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். நான்கு விடை முறையிலேயே இருக்கட்டும். ஆனால் பெயரைக் கேட்காமல் விளைவைக் கேளுங்கள். விடைக்குக் கீழே, அது எந்தத் தேதிவரைக்கும் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி போடுங்கள். ரிமாண்டின்போது எழுந்து நிற்கும் ஜூனியர் வக்கீலுக்கு நோட்ஸைப் புரட்ட நேரம் இருக்காது. அவர் பழைய விடையைச் சொன்னால், சிறைக்குப் போவது அந்தத் தொழிலாளி.