கட்டக் காசு உண்டு, காக்க இல்லை

2024 தீபாவளிக்கு முந்தைய நாட்களில் சென்னை ரிப்பன் மாளிகையில் கூடிய மாமன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. மாநகராட்சி அமைத்த ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைப் பராமரிப்புக்காகத் தனியாரிடம் விடுவது, விளையாட வருகிறவர் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டுவது என்பதுதான் தீர்மானம். பண்டிகைப் பட்டாசுக்கு முன்னால் இது வெடித்தது. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி கண்டித்தார், அப்போது ஆண்ட தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளிலிருந்தே எதிர்ப்பு வந்தது. ஓரிரு நாளில் மாநகராட்சி இறங்கி வந்து, மைதானங்களைத் தானே பராமரிக்கும், கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. எதிர்த்தவர்கள் ஜெயித்துவிட்டதாக எல்லோரும் எழுதினார்கள். பாதிதான் ஜெயித்தார்கள் என்பது என் கட்சி.

ஆந்திரத்தின் குப்பம்–பலமநேர் சாலையில் சாந்திபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னை மைதானத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? ஊர்ப் பணத்தில் ஒரு விளையாட்டு இடம் வரும்போது எழும் விமர்சனம் மாநகராட்சிக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒன்றேதான். நாளைக்கே எங்கள் ஊரில் பஞ்சாயத்தோ குப்பம் வட்டார வளர்ச்சி ஆணையமோ பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கேட்போர்டு பார்க் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தப் பேச்சில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்கச் சென்னைக் கதை உதவும்.

முதலில் அந்த 120 ரூபாய். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடினால் பதினான்கு தலை, மணிக்கு 1,680 ரூபாய். இது தனியார் டர்ஃப் வாடகையைத் தொட்டுவிடும் தொகை. நிலம் மாநகராட்சியுடையது, புல் போட்ட பணம் வரிப்பணம், விலை மட்டும் தனியார் விலை. மாதம் இருபது நாள் ஒரு மணி நேரம் பழகும் பையனுக்கு 2,400 ரூபாய் ஆகும். வடசென்னையின் வியாசர்பாடி போன்ற இடத்தில் கால்பந்து ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு அல்ல, அன்றாடப் பழக்கம். அங்கே பல வீடுகளில் இது வாடகையில் கை வைக்கிற காசு.

தொகையை விடவும் எனக்கு உறுத்தியது 'ஆளுக்கு' என்பது. தனியார் டர்ஃபில் மைதானத்தைத்தான் வாடகைக்கு எடுப்பார்கள். பத்துப் பேர் பங்கு போடுவார்கள், காசில்லாத இருவர் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிவிடுவார்கள், அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் கேட்டிலேயே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டம் கற்றுக்கொள்ளும் பொடியன் அந்த எண்ணிக்கையில் வெளியே போய்விடுவான். கட்டணத்தை எதிர்த்தவர்கள் சொன்னது முழுக்க நியாயம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் மாநகராட்சிப் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது, அதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. செயற்கைப் புல் என்பது போட்ட நாளிலிருந்தே தேயும் பொருள். நன்றாக வைத்திருந்தால் எட்டு, பத்து வருஷம் தாங்கும். அதற்கே இழைகளைச் சீவி நிமிர்த்த வேண்டும், இழைகளுக்கு நடுவே கொட்டியிருக்கும் ரப்பர் குருணையை அவ்வப்போது நிரப்ப வேண்டும், ஒட்டு பிரிந்த இடத்தை உடனே ஒட்ட வேண்டும். விட்டால் அதில்தான் கால் மாட்டும். சித்திரை வெயிலில் மதியம் அதன் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்த ரப்பர் குருணை மண்ணிலும் நீரிலும் கலக்கிற நுண்பிளாஸ்டிக் என்று 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனைக்கு எட்டு வருஷக் கெடு வைத்துத் தடை கொண்டுவந்திருக்கிறது. ஆகவே 'பராமரிப்புக்குச் செலவாகும்' என்று மாநகராட்சி சொன்னது பொய்யில்லை. திறப்பு விழா அன்று அதைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. தெரிந்தே போட்ட செலவை, பிற்பாடு திடீரென்று வந்த சுமை போலக் காட்டி, ஆடுகிறவன் தலையில் கட்டப் பார்த்தது.

எதிர்த்தவர்கள் சறுக்கியதும் இதே இடத்தில்தான். 'இலவசம்' என்ற வாக்கு கிடைத்ததும் கலைந்துவிட்டார்கள். சரி, பராமரிப்பு எந்தத் தலைப்பில், எவ்வளவு, யார் பொறுப்பு என்று அந்த வாரமே கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பணம் ஒதுக்காத இலவசம் சில வருஷத்தில் கிழிந்த பாயாகக் கிடக்கும். அப்போது, 'பார்த்தீர்களா, அரசு நடத்தினால் இப்படித்தான்' என்று மறுபடியும் தனியார் பெயர் வரும்.

இனி ஸ்கேட்போர்டு. நம் பக்கத்தில் 'ஸ்கேட்டிங்' என்றால் வழவழப்பான ஒரு வட்டத் தளம், அதில் தலைக்கவசம் மாட்டிச் சுற்றிவரும் பிள்ளைகள், வெளியே ஸ்கூட்டரில் காத்திருக்கும் அப்பாக்கள். சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை 2011-ல் மெட்ரோ எடுத்துக்கொண்டு, 2023-ல் திருப்பிக் கொடுத்தபோது அங்கேயும் அப்படி ஒரு தளம் இருந்தது. ஸ்கேட்போர்டு பார்க் வேறு. கான்கிரீட்டில் குழிவு, சரிவு, படிக்கட்டு, சரிவின் உச்சியில் இரும்புக் குழாய் விளிம்பு என்று இருக்கும். பயிற்சி வகுப்பு இல்லாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ளும் இடம் அது. இந்த வித்தியாசம் தெரியாமல் 'பணக்காரப் பிள்ளைகள் ஆட்டம்' என்று சொல்வது பாதி உண்மை. வகுப்புக் கட்டணத்தில் ஓடும் தளத்துக்கு அது பொருந்தும். திறந்து கிடக்கும் பார்க்குக்குப் பொருந்தாது, பலகைகளைப் பொதுவில் வைத்தால்.

'நம் ஆட்டம் இல்லை' என்ற விமர்சனத்தை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கிரிக்கெட் யார் ஆட்டம்? சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சக்கரச் சறுக்கில் உலகப் பட்டம் வென்றுவிட்டார். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி ஸ்கேட்போர்டு ஓட்டுவதைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுப் பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது. அந்த வருஷம் அந்தப் பரிசை வாங்கிய படமும் காபூல் சிறுமிகளின் ஸ்கேட்போர்டு பற்றியதுதான்.

கிராமத்தில் இது நடக்குமா என்பதற்கு மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தின் ஜன்வார் பதில் சொல்கிறது. உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி 2015-ல் அங்கே ஒரு பார்க் திறந்தார். பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது, பெண் பிள்ளை வந்து கேட்டால் பையன் இறங்கிக் கொடுக்க வேண்டும் என்பவைதான் அதன் விதிகள். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சரிவில் ஏறினார்கள். ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் கேம்பூரில், 'ஸ்கேட்டர் கேர்ள்' படத்துக்காகக் கட்டிய பார்க்கை இடிக்காமல் ஊருக்கே விட்டுவிட்டார்கள். இவை இரண்டையும் காட்டி 'நம்மூரிலும் கட்டு' என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஜன்வாரில் ஓடியது வெறும் கான்கிரீட் அல்ல. 'இறங்கிக் கொடுடா' என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தார். விதியைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டு ஆளில்லாமல் விட்டால், ஒரு மாதத்தில் பெரிய பையன்கள் சரிவைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி மைதானத்திலும் சாயங்காலம் நடப்பது வேறென்ன?

செலவைப் பார்த்தால் ஸ்கேட்போர்டு பார்க் செயற்கைப் புல்லை விட மேல். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பர்ன்சைடு பாலத்துக்கு அடியில் 1990-ல் பையன்கள் தாங்களாகவே கான்கிரீட் கொட்டத் தொடங்கினார்கள், நகராட்சி பிற்பாடுதான் ஒப்புக்கொண்டது. அது இன்றைக்கும் ஓடுகிறது. சீவ வேண்டாம், குருணை நிரப்ப வேண்டாம். ஆனால் தொடக்கத்தில் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்கேட்போர்டின் சக்கரம் சின்னது, கெட்டியானது. ஒரு சுண்டைக்காய் அளவு ஜல்லி குறுக்கே கிடந்தாலும் சக்கரம் அப்படியே நிற்கும், மேலே நிற்கிறவன் முன்னால் பறப்பான். சாதாரண சிமென்ட் ரோடு போடுகிற கான்ட்ராக்டரிடம் விட்டால் தளம் சொரசொரவென்று வரும், விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். குழிவின் அடியில் வடிகால் வைக்காமல் விட்டால் மழைக்காலத்தில் கொசுப் பண்ணை. 'அடிபடும்' என்று பயப்படுகிறவர்கள் விளையாட்டைக் குறை சொல்லாமல் டெண்டர் ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அடி பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

'குடிநீரும் கழிப்பறையும் சரியில்லை, இது இப்போது தேவையா?' என்பது டீக்கடையில் முதலில் வரும் கேள்வி. அதிகம் கைதட்டல் வாங்குவதும் அதுதான். நான் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன். 2021–26 காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. பார்க் கட்டாமல் விட்டால் அந்தக் காசு குழாய்க்குப் போகும் என்பதில்லை, குழாய்க்கு உரியது ஏற்கெனவே தனியாக இருக்கிறது. ஆந்திரத்தில் நிதிக்குழுப் பணம் மின்கட்டணப் பாக்கிக்கு இழுக்கப்படுகிறது என்று பஞ்சாயத்துத் தலைவர்களான சர்பஞ்சுகளே தெருவுக்கு வந்து போராடியிருக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. ராத்திரி வெளிச்சத்துக்கு உயரக் கம்பத்தில் விளக்கு வைக்கும் எந்த மைதானமும் அந்தப் பாக்கியைக் கூட்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

அந்த மானியத்தின் மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு ஏற்றபடி செலவழிக்கலாம், ஆனால் அதில் சம்பளமும் அலுவலகச் செலவும் போடக் கூடாது என்பதுதான் விதியாக இருந்தது. ஆக, அந்தக் காசில் சரிவு கட்டலாம், சரிவைக் கூட்டுகிறவருக்குக் கூலி கொடுக்க முடியாது. பொதுப் பணத்தில் வந்த எத்தனையோ உடற்பயிற்சிக் கூடங்களும் பூங்காக்களும் பூட்டிக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இப்படிப்பட்ட விதிகள்தான். சோம்பேறி அதிகாரி, கவனமில்லாத ஜனங்கள் என்று பழி போடுவது சுலபம். கட்டுவதற்கு மேலிருந்து காசு வரும், காப்பதற்கு ஊர் தன் சொந்த வரியிலிருந்து எடுக்க வேண்டும், வீட்டுவரி வசூல் என்ன லட்சணம் என்று ஊருக்கே தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இது. சென்னையில் மக்கள் விமர்சனம் கட்டணத்தில் வென்றது, பராமரிப்பில் கோட்டை விட்டது. மாமன்றம் செலவை மறைத்துக் கட்டியதற்காகக் குற்றவாளி, பின்வாங்கியதற்காக அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்பது மைதானங்களுக்கும் தனித் தலைப்பில் ஆண்டுச் செலவு போட்டு மாநகராட்சி வெளியிடும்வரை வழக்கு முடியவில்லை. சாந்திபுரத்தில் ஸ்கேட்போர்டு பார்க் வருமானால் நான் ஆதரிப்பேன், செயற்கைப் புல் வருமானால் எதிர்ப்பேன். ஆதரவும் ஒரு நிபந்தனையோடுதான். தினமும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து இருட்டும்வரை ஒருவர், முடிந்தால் ஒரு பெண், விளக்குமாறும் பொதுப் பலகைகளின் சாவியுமாக அங்கே இருக்க வேண்டும். அவர் கூலி பஞ்சாயத்தின் எந்த வரவிலிருந்து என்று அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கிராம சபையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாத திட்டத்துக்கு என் கை உயராது.

இன்னொன்று, டீக்கடைக்காரர்கள் இன்னும் கேட்காதது. இவ்வளவு வழவழப்பான தளம் ஊருக்குள் கிடைத்தால் எங்கள் ஜனங்கள் முதல் வேலையாக அதில் கேழ்வரகு காயப்போடுவார்கள், தார்ச் சாலையிலேயே கதிரைப் பரப்பிவிட்டு லாரி ஏறட்டும் என்று காத்திருக்கிறவர்கள் நாங்கள். அறுவடை நாட்களில் காலை வேளையை அதற்கு விட்டுவிடலாம். மூன்றரை மணிக்குள் வாரி எடுத்து, ஒரு தானிய மணி கூட மிச்சமில்லாமல் பெருக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.