அமுதசுரபியும் அறக்கோட்டமும்

இன்று முழுமையாகக் கிடைக்கும் பழந்தமிழ்ப் பெருங்காப்பியங்களுள், ஒரு பெண்ணின் பொதுத் தொண்டினையே கதைப்பொருளாகக் கொண்டது மணிமேகலை. சிலப்பதிகாரம் ஒரு மனைவியின் துயரையும் சீற்றத்தையும் பாடிற்று. சீவகசிந்தாமணி ஓர் அரசகுமாரனின் வெற்றிகளையும் துறவையும் பாடிற்று. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரோ, கையில் ஒரு பாத்திரம் ஏந்தி வீதியில் இறங்கிய இளம் பெண்ணைத் தலைவியாக நிறுத்தி, முப்பது காதைகளில் அவள் வரலாற்றை நடத்திச் செல்கின்றார். தானியம் விற்கும் வணிகர் பசியைப் பாடப் புகுந்தமை பொருத்தமுடைய செயலேயாம்.

எனினும், உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் இந்நூலை அச்சேற்றியது முதலாக, அறிஞர் கவனம் பெரும்பாலும் வேறு துறைகளிலேயே சென்றது. நூலின் காலம் யாது, அதிற் கூறப்படும் அளவை இலக்கணம் யாருடைய வழியைப் பின்பற்றியது, சமயக் கணக்கர் வாதங்கள் எத்துணை நேர்மையாக எடுத்துரைக்கப்பட்டுள்ளன என்பன போன்ற வினாக்களே மிகுதியும் ஆராயப்பட்டன. தலைவியின் தொண்டோ, உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவராவர் என்னும் பொருள்பட வரும் ஓரடியை மேடைதோறும் எடுத்தோதுவதோடு நின்றுவிட்டது. அவ்வடி எக்கதையின் நடுவே, எத்தகைய பெண்ணின் வாழ்வைச் சுட்டி நிற்கின்றது என்பதைக் கருதுவார் சிலரே. தொண்டு என்பது யாது என்பதுபற்றிச் சாத்தனார் கொண்ட கருத்தையும், அக்கருத்து எவ்விடத்தில் எல்லை காண்கின்றது என்பதையும் நூலைக்கொண்டே ஆராய்தல் வேண்டும்.

இந்நூலின்மீது சுமத்தப்படும் குற்றங்களுள் வலிமை மிக்கது ஒன்றுண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையிற் கொண்டவளுக்குத் தொண்டு அரியதாகுமா? தனக்கென ஒன்றையும் இழவாமற் கொடுப்பது ஈகையாகுமா? அன்றியும், மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளித்துள்ளது. வேற்றுருக் கொள்ளவும், வானிற் செல்லவும், பசியைத் தாங்கவும் அவை துணைசெய்வன. பசியால் வருந்தாத ஒருத்தி பசித்தோர்க்கு உணவு வழங்குகின்றாள் எனின், அது வியப்புக் கதையாகலாமேயன்றி மானிட வாழ்வின் ஓவியமாகாது என்பது அக்குற்றச்சாட்டின் சாரம். இதனை எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

ஆயின், இக்குறையைச் சாத்தனாரும் உணர்ந்திருந்தார் என்பதற்கு நூலின் அமைப்பே சான்று பகர்கின்றது. மணிமேகலையின் கைக்கு வருமுன் அப்பாத்திரம் ஆபுத்திரனுக்கு உரியதாயிருந்தது. ஆபுத்திரன் தாயாற் கைவிடப்பட்டு, ஆவின் பாலுண்டு உயிர் பிழைத்தவன். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவித்தமையால் ஊராரால் துரத்தப்பட்டவன். மதுரையிலே பிச்சை எடுத்து, குருடரையும் செவிடரையும் முடவரையும் பிணியாளரையும் அழைத்து உண்பித்து, எஞ்சியதையே தான் உண்டவன். அவன் கையில் இருந்தது முதலில் வெறும் பிச்சையோடேயாகும். சிந்தாதேவி அளித்த அமுதசுரபி பின்னரே வந்தது. ஆதலின் தொண்டு முந்தியது, அற்புதம் பிந்தியது என்பதே கவிஞர் வகுத்த முறை. பின்னர் இந்திரன் மழை பொழிவிக்க, நாட்டில் உணவு வேண்டுவார் எவரும் இலராயினர். பசித்தோரைத் தேடிக் கடல்கடந்து சாவகம் செல்லப் புறப்பட்டவன் மணிபல்லவத்திலே தனித்து விடப்பட்டான். பிறர்க்கு ஊட்டாது தான் உண்ண மனம் கொள்ளாதவனாய்ப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து, உண்ணாநோன்பால் உயிர் துறந்தான். ஈழத்தறிஞர் பலர் நயினாதீவோடு சேர்த்துக் கூறும் அம்மணிபல்லவத்தின் மணலிலே, குறையாத பாத்திரத்துக்கு உரியவன் பசியால் மாண்டான் என்பது காப்பியத்தின் ஆழ்ந்த கருத்துக்களுள் ஒன்று. மணிமேகலை அறியாத பசியை அவளுக்கு முன்னே சென்றவன் தன் உடலால் அறிந்திருந்தான். அவ்வறிவின் வழித்தோன்றலாகவே பாத்திரம் அவளை அடைகின்றது.

இரண்டாவதாக நோக்கத்தக்கது ஆதிரையின் பிச்சை. பாத்திரம் கையிலிருப்பினும் அது தானே சுரந்துவிடவில்லை. கற்புடைய பெண்ணொருத்தி இட்ட முதற் பிச்சையைப் பெற்ற பின்னரே அது பயன்படத் தொடங்கிற்று. அதற்கெனக் கவிஞர் தேர்ந்த பெண் அரசியுமல்லள், துறவியுமல்லள். கணவனாற் கைவிடப்பட்டு, அவன் இறந்தான் என்ற பொய்ச்செய்தி கேட்டுத் தீயிற் புகுந்து, தீயாலும் ஏற்கப்படாது துன்புற்ற இல்லத்தரசி அவள். உலகமெங்கும் பசிநோய் ஒழிக என்று வாழ்த்தி அவள் உணவிடுகின்றாள். ஆதிரையின் கணவனாகிய சாதுவன் தன் பொருளை இழந்தது ஒரு கணிகையின் இல்லத்திலேயாம். கணிகையர் குலத்திற் பிறந்த மணிமேகலை, அக்குலத்தாற் கேடுற்ற ஒருத்தியின் வாயிலிற் பாத்திரமேந்தி நிற்க, அவள் வாழ்த்தி வழங்குகின்றாள். இரு பெண்களுக்கிடையே நிகழும் இவ்வொப்புரவு இல்லையேல் அமுதசுரபி வெற்றோடே. இதனைக் கவிஞர் விளக்கிக் கூறாது நிகழ்ச்சியாலேயே உணர்த்துதல் அவர்தம் புலமைக்குச் சான்றாகும்.

மூன்றாவது, பசியைப் பிணியாகக் காணும் நோக்கு. சிறுகுடிகிழான் பண்ணனைப் பசியாகிய நோய்க்கு மருத்துவன் என்று போற்றிய புறநானூற்று மரபு சாத்தனாருக்கு முன்னரே உண்டு. அவ்வுருவகத்தைச் சாத்தனார் கதையாகவே ஆக்கினார். யானைத்தீ என்னும் தணியாப் பசிநோயாற் பன்னீராண்டு வருந்திய காயசண்டிகை, மணிமேகலை இட்ட உணவால் நோய் நீங்குகின்றாள். மணிமேகலை முதலிற் செய்த தொண்டு நோயாளி ஒருத்தியின் பிணி தீர்த்ததேயாம். பசி வந்துழிக் குடிப்பிறப்பும் கல்வியும் நாணும் அழியும் என்றும், மீளக் கொடுக்க வல்லார்க்குக் கொடுப்போர் அறத்தை விலைக்கு விற்போர் ஆவர் என்றும் பாத்திரம் பெற்ற காதை பேசுகின்றது. வணிகராகிய கவிஞர் வணிகத்தின் சொல்லைக்கொண்டே ஈகையை வணிகத்தினின்றும் பிரித்துக் காட்டுகின்றார்.

இவை யாவற்றினும் சிறந்தது சிறைக்கோட்டம் அறக்கோட்டமான நிகழ்ச்சி. மணிமேகலை காயசண்டிகையின் உருவோடு சிறைச்சாலைக்குட் புகுந்து, அங்குள்ளார் அனைவர்க்கும் உணவளிக்கின்றாள். ஒரே பாத்திரம் பலரை ஊட்டக் கண்ட காவலர் வியந்து வேந்தனிடம் உரைக்கின்றனர். வேந்தன் அவளை அழைத்து, அவளுக்குத் தான் செய்யத்தக்கது யாது என வினவுகின்றான். பொன்னும் மணியும் வேண்டாது, சிறையை ஒழித்து அவ்விடத்தை அறவோர் வாழும் கோட்டமாக்குக என்று அவள் வேண்டுகின்றாள். அரசன் இசைய, துன்பக் கூடமாயிருந்த இடத்திற் சமைக்குஞ் சாலையும் உண்போர் சாலையும் எழுகின்றன. இது பாத்திரத்தால் நிகழ்ந்ததன்று. பாத்திரம் அன்றைய பசியைத் தணித்தது. சிறையைத் திறந்தது அவளுடைய சொல்லேயாம். உணவளித்தலோடு நின்றுவிடாது, துன்பத்துக்குக் காரணமாகிய அமைப்பையே மாற்றுமாறு ஆட்சியாளனைக் கேட்கும் துணிவு ஈண்டே பிறக்கின்றது. தொண்டு ஈகையினின்றும் வளர்ந்து நீதியாகும் இடம் இதுவே. அற்புதக் கதை என்று நூலை இகழ்வோர் இவ்விடத்தைக் கருதிற்றிலர் எனலாம்.

ஆயினும் நூலிற் குறை இல்லையென்று கூறுதல் திறனாய்வாகாது. சிறையைத் திறந்தவளே விரைவிற் சிறைப்படுகின்றாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அரசகுமாரன் உதயகுமரனை வெட்டி வீழ்த்த, பழி மணிமேகலையைச் சூழ்கின்றது. மகனை இழந்த இராசமாதேவி பித்தேற்றும் மருந்தளித்தும், இளைஞன் ஒருவனை ஏவியும், உணவு மறுத்து அடைத்தும் அவளைக் கெடுக்க முயல்கின்றாள். இவை தொண்டு செய்யப் புறப்பட்ட பெண்ணுக்கு உலகம் எக்காலத்தும் தந்த பரிசுகளே. அவள் அறிவைப் பழித்தல், ஒழுக்கத்தைப் பழித்தல், வாழ்வாதாரத்தைப் பறித்தல் என்னும் மூன்றும் இதிலடங்கும். இத்துணைக் கூர்மையாகக் கொடுமையைக் கண்ட கவிஞர், அதனைத் தாங்கும் வலிமையை மட்டும் மந்திரத்துக்கு விட்டுவிட்டமை வருந்தத்தக்கது. வேற்றுருவும் பசியின்மையும் துணைநிற்க அவள் அசையாதிருக்கின்றாள். நடுங்கியும் அசையாதிருந்தாளாயின் காப்பியம் மேலும் உயர்ந்திருக்கும். பின்னர் அரசி மனந்திரும்பிய பொழுது, உடலுக்காக அழுதனையோ உயிருக்காக அழுதனையோ என வினவித் தன் பகைவளையே ஆற்றுவிக்கும் பகுதி இக்குறையை ஓரளவு நிறைவு செய்கின்றது.

இதனினும் பெரிய குறை மற்றொன்று. காப்பியத்தின் தொடக்கத்தில், இந்திரவிழாவில் ஆடற்கு வருமாறு சித்திராபதி வசந்தமாலையை ஏவ, மாதவி மறுக்கின்றாள். மணிமேகலையைக் கண்ணகியின் மகளென்றே கூறி, அவள் குலத்தொழிலுக்கு உரியளல்லள் என்று உறுதியாக உரைக்கின்றாள். இவ்வாறு ஒரு பெண் வெளியேறுகின்றாள். பின்னர்ச் சிறையிலுள்ளார்க்கும் பசித்தார்க்கும் பஞ்சத்தால் நலிந்த காஞ்சியார்க்கும் அவள் சென்று உதவுகின்றாள். ஆயின் தான் பிறந்த வீதிக்கு அவள் மீண்டு செல்வதில்லை. சித்திராபதியே அரண்மனைக்கு வந்து பேத்தியைக் கேட்டு, வறுங்கையோடு திரும்புகின்றாள். அவ்வீதியிற் பிறந்த ஏனைச் சிறுமியர் நிலை யாதாயிற்று என்பதற்கு முப்பது காதைகளிலும் விடையில்லை. சிறைக்கோட்டத்தை மாற்றக் கேட்டவள் கணிகையர் வீதியை மாற்றக் கேட்டிலள். தவநெறியிற் சென்று பிறப்பறுத்தலே முடிந்த முடிபென்னும் நூற்கோட்பாடு, அவ்வினாவை எழவிடாது தடுத்துவிட்டது போலும்.

காப்பியம் எழுப்பாத அவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் தமிழ்நாட்டிலே ஒரு பெண் எழுப்பினார். 1886ஆம் ஆண்டிற் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அன்னையார் சந்திரம்மாள் தேவதாசியர் மரபிலே தோன்றியவர். காப்பியக் கணிகையர் நிலையும் பிற்காலத் தேவதாசியர் நிலையும் ஒன்றல்ல. ஆயினும் பிறப்பே ஒரு பெண்ணின் வாழ்வை முன்கூட்டி எழுதிவைத்தது என்னும் அளவில் இரண்டும் ஒப்புமையுடையன. ஆடவர் கல்லூரியாயிருந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிற் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று, மருத்துவத்தால் மட்டும் தீராத பிணிகள் உளவெனக் கண்டு சட்டமன்றம் புகுந்தார். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், 1927ஆம் ஆண்டிற் சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்குமாறு தீர்மானம் கொணர்ந்தார். அவர் முயற்சியால் 1929ஆம் ஆண்டில் எழுந்த சட்டம், கோயிற் பணியினின்று நீங்கும் பெண்கள் மானியநிலத்தை இழவாதிருக்க வழிசெய்தது. தம் வாழ்வும் கலையும் கெடுமென அஞ்சித் தேவதாசியருள்ளேயே பலர் அவரை எதிர்த்தனர் என்பதும் வரலாறு. அவ்வெதிர்ப்பை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடல் நேர்மையாகாது. ஒரு தொழிலை ஒழிப்போர் அதனால் வாழ்ந்தார்க்கு வேறு வாழ்வு காட்டுதல் வேண்டுமன்றோ? 1930ஆம் ஆண்டில் அவர் நிறுவிய ஔவை இல்லம், புகலற்ற சிறுமியர்க்கு உறையுளும் கல்வியும் தந்து, அவ்வினாவுக்குச் செயலால் விடையிறுத்தது. நேர்ந்துவிடும் வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சென்னை மாகாணத்தில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பின்னும் ஓயாது, 1954ஆம் ஆண்டில் அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கக் காரணராயிருந்து, 1968ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர் கையில் அமுதசுரபி இருந்ததில்லை. பொருள் வேண்டிப் பலர் வாயிலில் நிற்கவும், ஏளனத்தை மந்திரமின்றித் தாங்கவும் நேர்ந்தது. அவ்வகையிற் காப்பியத் தலைவியினும் ஆபுத்திரனுக்கே அவர் அணியராவர். எனினும் மணிமேகலை வேந்தன்முன் நின்று கேட்ட வேண்டுகோளின் இயல்பே சட்டமன்றத்தில் எழுந்த குரலின் இயல்புமாம். பசித்தவர்க்கு உணவு, பிணியாளர்க்கு மருந்து, இவ்விரண்டோடும் நில்லாது, பசியையும் பிணியையும் விளைக்கும் கோட்டத்தை மாற்றுக என்னும் கோரிக்கை, இம்மூன்றும் ஒருங்கே அமைந்ததே முழுத் தொண்டு. சாத்தனார் இம்மூன்றையும் கண்டார். மூன்றாவதைத் தலைவியின் பிறந்தகத்து வாயில்வரை கொண்டு செல்லாது விடுத்தார்.

ஒரு காப்பியம் பிற்காலத்தார் செய்து முடிக்கத்தக்க பணியொன்றை எஞ்சவிட்டுச் செல்லுமாயின் அது அதன் தோல்வியென்று கொள்ளவேண்டுவதில்லை. மணிமேகலையைக் கற்போரும் கற்பிப்போரும் பாத்திரத்தின் வியப்பிலே மயங்காது, சிறைவாயிலில் நின்று ஒரு பெண் கேட்ட வரத்தின் பொருளை உணர்வாராயின், சாத்தனார் பாடியதன் பயன் நிறைவுறும்.