மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது

இன்ஜின் சூடேறினால் காரணம் தேடிக்கொண்டிருக்காதே. ரேடியேட்டர், ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட் வால்வு, மூடி நான்கையும் வெளிச்சந்தையில் ஒரே செட்டாக வாங்கி மாட்டு. இப்படி ஒரு வைத்தியம் இப்போது ஷெட்டுகளிலும் மெக்கானிக் வீடியோக்களிலும் நாகரிகமாகிவிட்டது. முன்பெல்லாம் இதைச் சற்றுக் கூச்சத்தோடு செய்தார்கள். இப்போது அதற்கு நியாயமும் சொல்கிறார்கள்: “மாத்திப் பார்க்கிறதும் ஒரு டெஸ்ட்தானே சார்?”

வெளிச்சந்தைப் பாகங்களே ஆகாது என்று சொல்ல வரவில்லை. மாருதி 800, அம்பாசடர் இரண்டும் 2014-இல் உற்பத்தி நின்றவை. இன்றும் அவை சாலையில் தென்படுகின்றன என்றால் சென்னை ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் கோவை உக்கடத்துக்கும் அதில் பங்குண்டு. கம்பெனிப் பெட்டியில் வருவதும் பெயரில்லாத பெட்டியில் வருவதும் சில சமயம் ஒரே பட்டறையில் செய்தவைதாம். விலையும் பாதி. இந்தப் பக்கத்தின் நியாயம் இவ்வளவுதான்.

மாற்றிப் பார்ப்பது சோதனையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாட்டுகிற பாகம் நல்லது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். சூடாகாமல் ஓடுகிற அதே மாடல் வண்டியின் ரேடியேட்டர் மூடியை, இன்ஜின் ஆறியபின் கழற்றி இதில் போட்டுப் பார்த்தால் அது சோதனை. அட்டைப்பெட்டியை இப்போதுதான் பிரித்து எடுத்த மூடியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? மேலே 0.9 பார் என்று பொறித்திருப்பது தெரியும். அந்த அழுத்தம் நின்றால் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் 100-லேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். பல கார்களில் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95-ஐ ஒட்டித்தான். ஆக, இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாமல் மூடி ஒன்றே வண்டியைக் கொதிக்க வைக்கும். ஆனால் மெக்கானிக்கின் கணக்கு வேறு: மூடி புதுசு, இன்னும் கொதிக்கிறது, எனவே மூடி காரணமில்லை. அவர் அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறார். புதுசு என்பதாலேயே ஒரு பாகத்தை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிற இந்தப் பழக்கத்தைத்தான் நான் வெகுநாளாக எதிர்த்துவருகிறேன்.

மற்ற பாகங்களிலும் இதே கதைதான். 82 டிகிரி என்று பொறித்த வால்வு அந்தச் சூட்டில் திறக்கிறதா என்று பார்க்க ஒரு பாத்திரம் தண்ணீர், அடுப்பு, தெர்மாமீட்டர் போதும். பழைய வால்வையும் அப்படிப் பார்ப்பதில்லை, புதியதையும் பார்ப்பதில்லை. ஃபேன் மோட்டாருக்கு இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் சுற்றிக் காற்றை முன்பக்கம் தள்ளும். சத்தம் கேட்கிறதே என்று திருப்திப்படுகிறோம். ரேடியேட்டரின் முன்னால் ஒரு காகிதத்தைக் காட்டினால் அது ஒட்டிக்கொள்கிறதா விழுகிறதா என்பதிலேயே விடை இருக்கிறது. ‘ஹெவி டியூட்டி’ என்று விற்கிற தடித்த அலுமினிய ரேடியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தடிப்பு கூடக் கூட அதன் ஊடே காற்று புகுவது கடினமாகும். சிக்னலில் நிற்கும்போது சிறிய ஃபேனால் அதை இழுக்க முடியாது. ஃபேனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூடும் ‘ஃபிட் ஆகவில்லை’ என்று மூலையில் கிடக்கும். அது இல்லாவிட்டால் இறக்கைக்கு நேராக உள்ள வட்டத்தில் மட்டுமே காற்று ஓடும். வண்டிக்காரர் காசு கொடுத்து வாங்கியது ஒரு புதிய கோளாறு.

இதைவிடக் கேடு, தடயம் அழிவது. பாகத்தை மாற்ற வேண்டுமென்றால் முதல் வேலையாகக் கூலண்டை இறக்குகிறார்கள். அதன் துருநிறம், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம், எந்த இணைப்பில் கசிந்து காய்ந்திருந்தது என்ற கறை எல்லாம் அதோடு சாக்கடைக்குப் போய்விடுகின்றன. திரும்ப ஊற்றும்போது காற்றை முழுதாக வெளியேற்றாவிட்டால் ஹெட்டில் காற்று தங்கி, அதுவே சூட்டுக்குக் காரணமாகும். முதலில் வந்த நோயா, வைத்தியத்தில் வந்த நோயா என்று இனி எந்தக் கெட்டிக்காரராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் வண்டியே பாதி விடையைச் சொல்லிவிடும். சூட்டைக் காட்டும் முள் சிக்னலில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேனையும் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும். சிக்னலில் ஒன்றுமில்லாமல் நெடுஞ்சாலையில் முள் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்திருக்கலாம், பம்ப் தள்ளாமலிருக்கலாம். போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் முதலாவதற்கு வாய்ப்பு அதிகம். காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே ரேடியேட்டர் வாயில் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட். எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் வாயு இருந்தால் மஞ்சளாகும். ரேடியேட்டர் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்கு ஆவது சில்லறை.

தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறியும் கூட்டத்துக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். “நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை” என்கிறார்கள். மே மாத வேலூரில் இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது நல்ல வால்வு எப்படியும் முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதை எடுத்ததால் சூடு நின்றது என்றால் அது பழுதான வால்வு. புதியது ஒன்றைச் சோதித்துப் போட்டால் முடிந்தது. பழுதில்லாத வால்வை எடுத்தால் இன்ஜின் சூடேறத் தாமதமாகும். சூடே ஏறாமல் ஓடும்போது கம்ப்யூட்டர் இன்ஜின் குளிர்ந்திருப்பதாக எண்ணிப் பெட்ரோலைக் கூட்டித் தரும், மைலேஜ் போகும், ஆயில் கெடும். சில இன்ஜின்களில் வால்வின் அடித்தட்டுதான் குறுக்குவழியை அடைக்கிறது. வால்வு போனால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பும். பாரம் ஏற்றினால் முன்னைவிட அதிகம் சுடும். (தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரமிருக்காது என்று என் கட்சிக்காரர்களே சொல்லும் காரணம் தப்பு. ஓட்டம் கூடினால் வெப்பம் இன்னும் நன்றாகவே கடத்தப்படும்.)

“ஆனால் பலருக்குச் சரியாகிவிட்டதே?” என்பார்கள். கேஸ்கெட் லேசாகக் கசியும் வண்டிக்குப் பெரிய ரேடியேட்டரும் டைரக்டாக எப்போதும் ஓடும் ஃபேனும் கொடுத்தால் முள் சில வாரம் இறங்கித்தான் நிற்கும். கசிவு அதன்போக்கில் வளரும். பிறகு ஒருநாள் அலுமினிய ஹெட் வளைந்து லேத்துக்குப் போகும். அந்த வாடிக்கையாளர் வீடியோவின் கீழே வந்து கருத்து எழுதுவதில்லை.

வண்டியை ஷெட்டில் விடும்போது, கூலண்டை இறக்கும் முன் என்ன சோதிப்பீர்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய வால்வையும் மூடியையும் கையோடு வாங்கி வாருங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு “மாத்திப் பார்ப்போம்” என்பதுதான் பதில் என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.